வெள்ளியில் வெள்ளி உண்டா?

செபராங் ஜெயா இரவுச் சந்தையில் பலகாரம் விற்கும் அக்காவிடம், "எவ்வளவு அக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "மூணு வெள்ளி ஐம்பது காசு, தம்பி" என்று பதில் வரும். நாம் நீட்டும் நோட்டில் வெள்ளி இல்லை. அவர் திருப்பித் தரும் சில்லறையிலும் வெள்ளி இல்லை. எனினும், ரிங்கிட்டை 'வெள்ளி' என்று அழைக்கும் வழக்கம் மட்டும் மலேசியத் தமிழரின் நாவைவிட்டு நீங்கவில்லை. ஒரு காலத்தில் இம்மண்ணில் பணம் என்றாலே வெள்ளிதான் என்பதற்கு இந்தச் சொல்லே சான்றாகும்.

அந்த வெள்ளியை இன்றும் தேடுகின்றவர்கள் இருக்கின்றனர். வங்கியில் நோட்டைக் கொடுத்து, எண்ணிக் கட்டப்பட்ட நாணயப் பொட்டலங்களை வாங்குகின்றனர். வீட்டில் மேசைமீது துணியை விரித்து, நாணயங்களைக் கொட்டி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கின்றனர். அரியதாக ஏதேனும் கிடைத்தால் எடுத்து வைத்துக்கொள்கின்றனர்; மற்றவற்றை மீண்டும் வங்கியிலேயே செலுத்திவிடுகின்றனர். சிலர் வெள்ளி நாணயத்தைத் தேடுகின்றனர். சிலர் அச்சடிக்கும்போது பிழை நேர்ந்த நாணயத்தைத் தேடுகின்றனர். இத்தேடலில் எது கிடைக்கும், எது கிடைக்காது, ஏன் கிடைக்காது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

ஒரு நாணயத்திற்கு மூன்று மதிப்புகள்

முதலில் ஓர் அடிப்படையை மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு நாணயத்திற்கு மூன்று வகையான மதிப்புகள் உண்டு. நாணயத்தின்மீது பொறிக்கப்பட்டிருக்கும் தொகை முகமதிப்பு. அதை உருக்கினால் கிடைக்கும் உலோகத்தின் விலை உலோக மதிப்பு. அது அரியது என்பதால் சேகரிப்பாளர் தர முன்வரும் விலை சேகரிப்பு மதிப்பு. இம்மூன்றும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. முகமதிப்பைவிட மற்ற இரண்டில் ஒன்று உயர்ந்திருக்கும் நாணயத்தைக் கண்டெடுப்பதே இத்தேடலின் நோக்கமாகும்.

பினாங்கும் வெள்ளிக்காசும்

பினாங்கின் வரலாறே ஒரு நாணயத் தேடலோடு தொடங்குகிறது என்று சொல்வதுண்டு. 1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் இத்தீவில் வந்திறங்கியபோது கடற்கரை அடர்ந்த காடாக இருந்தது. காட்டை வெட்ட ஆட்கள் தயங்கினர். உடனே அவர் பீரங்கியில் வெள்ளி நாணயங்களை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டாராம். நாணயத்தைத் தேடிப் போனவர்கள் புதர்களை வெட்டிக்கொண்டே சென்றனராம். இது வழிவழியாக வரும் கதை. ஆனால், அக்காலத்தில் வெள்ளி நாணயத்திற்கு இருந்த ஈர்ப்பை இக்கதை நன்கு உணர்த்துகிறது.

அன்று இவ்வட்டாரத்தில் பெரிதும் புழங்கியது ஸ்பானிய வெள்ளி டாலர். அதன் விளிம்பில் பற்கள் போன்ற வரிகள் இருந்தன. மலாய் மொழியில் 'ரிங்கிட்' என்றால் பல்பல்லாக இருப்பது என்று பொருள். நம் நாட்டுப் பணத்தின் பெயரே ஒரு வெள்ளி நாணயத்தின் விளிம்பிலிருந்து பிறந்ததாகும். அந்த வரிகள் வெறும் அலங்காரத்திற்காக இடப்பட்டவை அல்ல. விளிம்பைச் சிறிது சுரண்டி வெள்ளித்தூளைத் திருடுவோர் எக்காலத்திலும் இருந்தனர். விளிம்பில் வரி இருந்தால், சுரண்டியது உடனே தெரிந்துவிடும்.

1903ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்றே ஒரு வெள்ளி டாலர் வெளியிடப்பட்டது. அதன் எடை ஏறக்குறைய 27 கிராம். பின்னர், உலகச் சந்தையில் வெள்ளியின் விலை ஏறியது. டாலரின் முகமதிப்பைவிட அதிலுள்ள வெள்ளியின் விலை கூடிவிட்டால், மக்கள் அதைச் செலவு செய்யாமல் உருக்கி விற்கத் தொடங்குவார்கள். எனவே, 1907ஆம் ஆண்டில் டாலரின் எடை ஏறக்குறைய 20 கிராமாகக் குறைக்கப்பட்டது. 1919ஆம் ஆண்டில் அது 17 கிராமாகச் சுருங்கியது. அதிலும் பாதிதான் வெள்ளி.

சில்லறைக் காசுகளுக்கும் இதே கதிதான். 1939, 1941 ஆகிய ஆண்டுகள் பொறித்த மலாயாவின் 5, 10, 20 காசுகளில் 75 விழுக்காடு வெள்ளி இருந்தது. 1943, 1945 ஆகிய ஆண்டுகள் பொறித்தவற்றில் அது 50 விழுக்காடாகக் குறைந்தது. 1948 முதல் வந்த காசுகளில் வெள்ளியே இல்லை. செம்பும் நிக்கலும் கலந்த உலோகம் அதன் இடத்தைப் பிடித்தது.

பொட்டலத்தில் வெள்ளி ஏன் இல்லை?

மலேசியாவின் முதல் நாணய வரிசையைப் பேங்க் நெகாரா மலேசியா 1967ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் வெளியிட்டது. நாடாளுமன்றக் கட்டடம் பொறித்த வரிசை அது. 1989ஆம் ஆண்டில் இரண்டாம் வரிசை வந்தது. 5 சென்னில் பம்பரம், 10 சென்னில் நாம் பல்லாங்குழி என்றழைக்கும் சொங்காக், 20 சென்னில் வெற்றிலைத் தட்டு, 50 சென்னில் பட்டம் ஆகியவை இடம்பெற்றன. 2012ஆம் ஆண்டில் மூன்றாம் வரிசை வந்தது. இவற்றுள் எந்த வரிசையிலும் புழக்கத்திற்கு விடப்பட்ட நாணயங்களில் வெள்ளி கலக்கப்படவில்லை. சிறப்பு நிகழ்வுகளுக்காக வெளியிடப்படும் வெள்ளி நினைவு நாணயங்கள் தனியே விற்கப்படுபவை. அவை பொட்டலத்தில் வருவதில்லை. ஆகவே, நம் நாட்டு வங்கிப் பொட்டலத்தில் வெள்ளியைத் தேடுவது, தென்னை மரத்தில் மாங்காயைத் தேடுவது போலாகும்.

அப்படியென்றால் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 1964 வரை அடிக்கப்பட்ட 10, 25, 50 காசுகளில் 90 விழுக்காடு வெள்ளி இருந்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் 10, 25 காசுகளிலிருந்து வெள்ளியை நீக்கியது. 50 காசில் மட்டும் 1970 வரை 40 விழுக்காடு வெள்ளி இருந்தது. புதியனவற்றுக்கும் பழையனவற்றுக்கும் முகமதிப்பு ஒன்றுதான். இரண்டும் ஒரே பணப்பெட்டிக்குள் கலந்தன. அதனால்தான் அங்கே இன்றும் சிலர் வங்கித் தாளில் சுருட்டிய நாணயங்களைப் பிரித்துப் பார்க்கின்றனர். அவர்கள் முதலில் பார்ப்பது நாணயத்தின் முகத்தை அன்று, விளிம்பை. வெள்ளி நாணயத்தின் விளிம்பு முழுவதும் வெண்மையாக இருக்கும். புதிய நாணயம் செம்பை நடுவில் வைத்து மேலும் கீழும் வேறு உலோகத்தகடு சேர்த்தது. ஆகவே, விளிம்பில் செம்பு நிறக்கோடு தெரியும். எடையும் உதவும். அங்குள்ள வெள்ளி 25 காசின் எடை 6.25 கிராம், வெள்ளி இல்லாததன் எடை 5.67 கிராம்.

அங்கும் இப்போது வெள்ளி கிடைப்பது அரிதுதான். இதற்குப் பொருளியலில் ஒரு விதி உண்டு. ஒரே முகமதிப்பில் இருவகைப் பணம் புழங்கினால், மக்கள் மதிப்பு மிக்கதைப் பதுக்கி வைத்துக்கொண்டு மதிப்புக் குறைந்ததைச் செலவு செய்வர். காலப்போக்கில் நல்ல பணம் புழக்கத்திலிருந்து மறைந்துவிடும். இதனைக் கிரெஷாம் விதி என்பர். நம் வீட்டிலும் இது நடக்கிறது. கையில் ஒரு புதிய நோட்டும் ஒரு கசங்கிய நோட்டும் இருந்தால், கடைக்காரரிடம் எதை முதலில் நீட்டுகிறோம்?

மலாயாவின் வெள்ளிக்காசுகளும் அவ்வாறே வீடுகளுக்குள் ஒதுங்கின. ஜப்பானியர் ஆட்சியில் வாழைமரப் படம் போட்ட நோட்டு புழங்கியது. 1945ஆம் ஆண்டில் ஆட்சி வீழ்ந்ததும் அந்த நோட்டு வெறுந்தாளாயிற்று. மூட்டை மூட்டையாக வைத்திருந்தவர்களும் ஏழையாயினர். வெள்ளிக்காசை முடிந்து வைத்தவரிடம் வெள்ளியாவது மிஞ்சியது. ஆதலால், பழைய வெள்ளியைப் பார்க்க விரும்பினால் வங்கிக்குப் போக வேண்டியதில்லை. பாட்டியிடம் கேட்கலாம். அவரது தகரப்பெட்டியின் அடியில் ஓர் அரசரின் தலை பொறித்த கறுத்த காசு இருக்கக்கூடும். அதோடு அந்தக் காசு வீட்டுக்கு வந்த கதையும் இருக்கக்கூடும்.

அக்கசாலையில் பிழை நேர்வது எப்படி?

வெள்ளி இல்லை என்றாலும், நம் நாட்டுச் சில்லறையில் தேடுவதற்கு வேறொன்று உண்டு. அதுதான் அச்சுப்பிழை. இதைப் புரிந்துகொள்ள, நாணயம் உருவாகும் முறையை அறிய வேண்டும். நாணயம் அடிக்கும் இடத்தை அக்கசாலை என்று நம் முன்னோர் அழைத்தனர். மலேசியாவில் பேங்க் நெகாராவின் அக்கசாலை ஷா ஆலாமில் உள்ளது.

முதலில், நீண்ட உலோகத் தகட்டிலிருந்து வட்டமான வில்லைகள் வெட்டி எடுக்கப்படும். ரொட்டி மாவை விரித்து, மூடியால் வட்ட வட்டமாக வெட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு வில்லைகள் சூடேற்றி மென்மையாக்கப்படும். அடுத்து, விளிம்பு சற்று உயர்த்தப்படும. இறுதியாக, ஒவ்வொரு வில்லையும் இரண்டு அச்சுகளுக்கு நடுவே, ஒரு வளையத்திற்குள் வைத்து, பெரும் விசையோடு அழுத்தப்படும். அந்த ஒரே அடியில் இரு முகங்களும் விளிம்பும் உருப்பெறும். இயந்திரம் ஒரு நிமிடத்தில் பல நூறு நாணயங்களை அடித்துத் தள்ளும். எவ்வளவுதான் சோதித்தாலும், சில பிழைகள் கண்ணில் படாமல் பொட்டலத்திற்குள் புகுந்துவிடுகின்றன.

இப்பிழைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, வில்லையில் நேரும் பிழை. தகடு சரியாக நகராவிட்டால், முன்பு வெட்டிய ஓட்டையின்மீதே வெட்டுக்கருவி மறுபடியும் விழும். அப்போது வில்லையின் ஓரத்தில், யாரோ கடித்தது போன்ற பிறைவடிவக் குறை உண்டாகும்.

இரண்டாவது, அச்சில் இருக்கும் பிழை. அச்சைச் செய்யும்போதே எழுத்துகள் இரட்டையாகப் பதிந்துவிட்டால், அந்த அச்சிலிருந்து பிறக்கும் எல்லா நாணயங்களிலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். 1955ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு காசு இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அச்சில் விரிசல் விட்டாலும் நாணயத்தில் அது பதியும். விரிசலுக்குள் உலோகம் புகுவதால், நாணயத்தின்மீது அது பள்ளமாக இராது. மெல்லிய மேடாக இருக்கும்.

மூன்றாவது, அடிக்கும்போது நேரும் பிழை. வில்லை நடுவில் அமராமல் சற்று விலகியிருந்தால், உருவம் ஒரு பக்கமாக ஒதுங்கி விழும். மறுபக்கம் வெறுமையாக இருக்கும். வளையம் சரியாகப் பிடிக்காவிட்டால், நாணயம் அகன்று தட்டையாகும். மலேசியச் சேகரிப்பாளர்கள் பழைய 50 சென் நாணயத்தின் விளிம்பைக் கவனிப்பர். அதில் 'பேங்க் நெகாரா மலேசியா' என்னும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். அவை விழாமல் வெளிவந்த நாணயத்தை அவர்கள் விரும்பித் தேடுகின்றனர்.

பிழையா, பழுதா?

தொடக்கநிலைத் தேடலாளர் தடுமாறும் இடம் இதுவே. அக்கசாலையில் நேர்ந்தது பிழை. வெளியே வந்தபின் நேர்ந்தது பழுது. பிழைக்கு விலை உண்டு. பழுதுக்கு விலை இல்லை. சாலையில் வண்டி ஏறிய நாணயமும், ஆணியால் கீறிய நாணயமும் விநோதமாகத்தான் தோன்றும். ஆனால், அவை பழுதுபட்டவை.

வேறுபாட்டைக் கண்டறியச் சில வழிகள் உள்ளன. நாணயத்தின்மீது உள்ள கோடு மேடாக இருக்கிறதா, பள்ளமாக இருக்கிறதா என்று பாருங்கள். மேடாக இருந்தால் அச்சு விரிசலாக இருக்கலாம். பள்ளமாக இருந்தால் பெரும்பாலும் கீறலே. விளிம்பில் பிறைவடிவக் குறை இருந்தால், அதற்கு நேர் எதிரே உள்ள விளிம்பையும் பாருங்கள். உண்மையான பிழை நாணயத்தில் அந்த எதிர் விளிம்பும் பெரும்பாலும் மங்கி, மெலிந்து காணப்படும். வில்லையில் ஒரு பக்கம் குறைந்திருந்ததால், விளிம்பை உயர்த்தும்போது எதிர்ப்பக்கத்தில் போதிய அழுத்தம் விழவில்லை என்பதே காரணம். பின்னாளில் அரத்தால் அராவியவருக்கு இந்த நுட்பம் தெரிந்திராது.

காந்தமும் ஒரு நல்ல கருவி. தொடக்ககால ஒரு சென் வெண்கலத்தால் ஆனது, காந்தத்தில் ஒட்டாது. பின்னர் வந்தது செம்பு பூசிய எஃகு, காந்தத்தில் ஒட்டும். வெளித்தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பிபோல் இருந்தாலும் காந்தம் உண்மையைச் சொல்லிவிடும்.

தேடும் முறை

நாணயத்தைத் தேட விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. நல்ல வெளிச்சம், உருப்பெருக்கிக் கண்ணாடி, சிறிய மின்தராசு, காந்தம், குறிப்பேடு ஆகியவை போதும். முதலில் விளிம்புகளைப் பார்க்க வேண்டும், பிறகு ஆண்டு, அதன் பின்னர் எழுத்தும் உருவமும். நாணயத்தின் முகத்தில் விரல் படாமல் ஓரத்தைப் பிடிக்க வேண்டும். பார்த்து முடித்ததும் கைகளைக் கழுவ வேண்டும். அந்த நாணயம் எத்தனை கைகள் மாறி வந்ததோ!

அரிய நாணயம் கிடைத்தால் அதைத் துலக்கவே கூடாது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் தேய்ப்பதும் வெள்ளிப் பாத்திரத்தைத் திருநீறிட்டுத் துலக்குவதும் நம் வீட்டு வழக்கம். நாணயத்திற்கு அது ஆகாது. தேய்க்கும்போது மேற்பரப்பின் இயல்பான மெருகு அழிந்து, நுண்ணிய கீறல்கள் விழும். சேகரிப்பு மதிப்பும் அத்தோடு போய்விடும். பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்த கறுத்த காசை ஆசையாகப் பளபளப்பாக்கி, பிறகு வருந்தியவர்கள் பலர்.

தேடியதில் எதுவுமே கிடைக்காவிட்டாலும் குறிப்பேடு வீணாகாது. 100 நாணயங்களில் முதல் வரிசை எத்தனை, இரண்டாம் வரிசை எத்தனை, மூன்றாம் வரிசை எத்தனை என்று எழுதி வைக்கலாம். சில மாதங்கள் கழித்து மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். பழைய நாணயம் புழக்கத்திலிருந்து எப்படி மறைகிறது என்பதை நம் கண்ணாலேயே காணலாம். கணிதப் பாடத்தில் படிக்கும் மாதிரி எடுத்தல் இதுதான்.

விலையும் வதந்தியும்

"இந்த 10 சென் உங்களிடம் உள்ளதா? பல்லாயிரம் ரிங்கிட் கிடைக்கும்!" என்னும் செய்திகள் கைப்பேசியில் அடிக்கடி வருகின்றன. இவற்றை நம்புமுன் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். யாரோ ஒருவர் கேட்கும் விலையா, உண்மையில் ஒருவர் கொடுத்த விலையா?

பிரிட்டனில் 2008ஆம் ஆண்டில் நடந்ததைப் பாருங்கள். 20 பென்ஸ் நாணயத்தின் வடிவம் மாற்றப்பட்டது. அதுவரை பின்பக்கத்தில் இருந்த ஆண்டு, முன்பக்கத்திற்கு மாறியது. அக்கசாலையில், பழைய முன்பக்க அச்சும் புதிய பின்பக்க அச்சும் தவறுதலாக இணைந்துவிட்டன. விளைவு, ஆண்டே இல்லாத நாணயங்கள் புழக்கத்திற்கு வந்தன. செய்தி பரவியதும், சிலர் அந்த நாணயத்திற்கு ஆயிரக்கணக்கான பவுன் விலை சொன்னார்கள். பரபரப்பு அடங்கியதும் விலை நூறு பவுனை ஒட்டிய அளவுக்கு இறங்கியது. நூறு பவுனும் நல்ல விலைதான். ஆனால், பரபரப்பில் வாங்கியவரின் இழப்பை யார் ஈடுசெய்வார்?

நம் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு நாணயத்தை 6 நொடி பார்த்தால், 100 நாணயத்திற்கு 10 நிமிடம் ஆகும். 3,000 நாணயத்திற்கு 5 மணி நேரம். எதுவும் கிடைக்காவிட்டாலும் நாணயத்தின் முகமதிப்பு குறையாது என்பது உண்மையே. ஆனால், போன நேரம் திரும்பாது. பணத்திற்காக மட்டும் தேடுபவர் விரைவில் சலித்துவிடுவார். அறியும் ஆர்வத்தோடு தேடுபவர்தான் நிலைப்பார்.

பொறுப்பும் வேண்டும். மலேசியாவின் 2020ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு கொடுக்கல் வாங்கலில் 25 நாணயத்திற்கு மேல் ஏற்க வேண்டிய கட்டாயம் கடைக்காரருக்கு இல்லை. ஆகவே, பார்த்து முடித்த சில்லறையை அண்டை அயல் கடைகளில் கொட்டாமல், வங்கியில் செலுத்துவதே முறை. நாணயத்தை வெட்டுவதும் சிதைப்பதும் குற்றமாகும். எல்லாப் பழைய நாணயமும் செல்லும் என்றும் எண்ணிவிடக் கூடாது. கெரிஸ் பொறித்த ஒரு ரிங்கிட் நாணயம், 2005ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாளோடு செல்லாக்காசாகிவிட்டது.

நாணயம் என்னும் சொல்

உற்றுநோக்கும் கண்ணுக்குச் சிறு காசும் பெரிய வரலாற்றைச் சொல்லும். தினமலர் நாளிதழின் ஆசிரியராக விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி ஒரு நாணயவியல் அறிஞர். 1980களில் பழைய காசுகளை ஆராய்ந்தபோது, 'பெருவழுதி' என்னும் பெயர் தமிழ்ப் பிராமியில் பொறிக்கப்பட்ட செம்புக்காசு ஒன்றை அவர் இனங்கண்டார். சங்ககாலப் பாண்டிய மன்னர் தம் பெயரைப் பொறித்துக் காசு வெளியிட்டார் என்பதற்கு அது சான்றாயிற்று.

நமக்கு இன்னும் அருகில் ஒரு சான்று உண்டு. பினாங்குக்கு வடக்கே, தென் தாய்லாந்தின் கிராபி வட்டாரத்தில் ஒரு சிறிய உரைகல் கண்டெடுக்கப்பட்டது. அதில் 'பெரும்பதன் கல்' என்று தமிழ்ப் பிராமியில் எழுதியிருக்கிறது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன், கடல் கடந்து வந்த ஒரு தமிழ்ப் பொற்கொல்லர் அந்தக் கல்லில் பொன்னை உரைத்து, இது மெய், இது போலி என்று சொல்லியிருக்கிறார். இன்று நாம் தராசும் காந்தமும் வைத்துச் செய்வதும் அதே வேலைதான்.

தமிழில் நாணயம் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று நேர்மை. இரண்டையும் சேர்த்துச் சோதிக்கும் நேரம் ஒரு நாள் உங்களுக்கும் வரலாம். மளிகைக்கடைப் பாட்டி தரும் சில்லறையில், 20 சென்னோடு 20 சென்னாக, அதே அளவில் ஒரு கறுத்த காசு கிடக்கிறது. அதில் 1939 என்றிருக்கிறது. அது வெள்ளி என்று உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. "பாட்டி, இது பழைய வெள்ளிக்காசு. பெட்டியில் பத்திரமாக வையுங்கள்" என்று சொன்னால் கையிலிருந்த வெள்ளி போய்விடும்.

காசை உரைத்துப் பார்க்கக் கல் இருக்கிறது. அந்த நேரத்தில் உரைத்துப் பார்க்கப்படுவது காசு மட்டும் அன்று. அதைக் கையில் வைத்திருப்பவரும்தான்.